மூத்தவளின் தொண்டைக்கட்டு

எங்கள் அம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கார். இளையவள் நான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். "மூத்தவளுக்குத் தண்ணி ஊத்தினியா?" என்றால் ரேடியேட்டரைக் கேட்கிறாள். "மூத்தவ இன்னைக்குச் சோர்வா இருக்கா" என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு டாக்டர் ஊரை விட்டுப் போகும்போது எங்கள் அம்மாவிடம் விற்றுவிட்டுப் போன வண்டி. வட்டக் கண், குண்டு உடம்பு, பாலாடை நிறம். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையோடு சரி, அவளுக்கு ஒரு இருமல் வந்தால் வீடே விழித்திருக்கும். எனக்குப் பொறாமை என்று நினைக்காதீர்கள். சரி, பொறாமைதான்.

அம்மா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்து மேட்ரனாக ஓய்வு பெற்றவள். ஓய்வு கிடைத்தது ஆஸ்பத்திரிக்குத்தான், அம்மாவுக்கு இல்லை. இப்போதும் மதியச் சாப்பாடு ஆனதும் மூத்தவளைக் கிளப்பிக்கொண்டு நர்ஸிங் பள்ளிக்குப் போவாள். ஊசி பிடிக்கத் தெரியாத பெண்களை அங்கே அழவைத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். போகும்போதும் வரும்போதும் ஹாரன் மட்டும் அடிக்கவே மாட்டாள். "ஹாரன் அடிக்கறதும் ஒண்ணுதான், நோயாளி தலைமாட்டுல நின்னு கத்தறதும் ஒண்ணுதான்" என்பாள். முன்னால் லாரி வழிமறித்து நின்றால் இறங்கிப் போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வருவாள். லாரிக்காரர்கள் அதற்கு ஹாரனே மேல் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். கண் கைக்கடிகாரத்தில் இருக்கும். பார்த்து முடித்துவிட்டு, "ம்... இருக்கு" என்பாள். அதற்கு உயிர் இருக்கிறது என்று பொருள் என்பது அப்பாவின் விளக்கம்.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் கேட்கிற மாதிரி அவருக்குக் கை நீளும். வீட்டின் முன்னறையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கே அவர் வந்து உட்கார்ந்தால் அன்றைக்கு வியாபாரம் போச்சு. நகல் எடுக்க வருகிறவர்களிடம் கையை நீட்டுவார். அவர்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிடுவார்கள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த போட்டோவுல இருக்கறது நீங்கதானா? அப்ப முடி இருந்திருக்கே" என்பார். ஒருத்தர் நேராக எதிர்த்த கடைக்குப் போனவர்தான், இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. எத்தனையோ பேரைக் கையைப் பிடித்துத் தியேட்டருக்குள் கூட்டிப்போன அம்மாவுக்கு அன்று கதவுக்கு வெளியேதான் இடம். நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். நடுநடுவே எழுந்து, வாசலில் கிடந்த அந்நியர்களின் செருப்பை எல்லாம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அம்மா பயந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் பயம்தான். ஆனால் அம்மாவே பயப்படுகிறாள் என்ற அதிர்ச்சியில் என் பயத்தை நான் மறந்துவிட்டேன்.

ஆள் பிழைத்து வந்துவிட்டார். "தினமும் நடங்க, படி ஏறி இறங்குங்க, அதான் மருந்து" என்றார் டாக்டர். அப்பா முடியாது என்றுவிட்டார். "ஓடற ரயிலுக்குள்ள நடந்தவன் நான். ரயில் ஓடின தூரத்தையும் நான் நடந்த தூரத்தையும் கூட்டிப் பாருங்க, உலகத்தை எத்தனை சுத்து சுத்தியிருப்பேன்! இனிமே என் காலுக்கு பென்ஷன்." அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், இரண்டு வேளை பேசாமல்கூட இருந்தாள். ம்ஹூம். நடக்கப் போகிறேன் என்று கிளம்பினால் தெருமுனைக் கல்லில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். திரும்பும்போது வியர்த்த மாதிரி இருக்கட்டும் என்று குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு வருவார்.

அப்புறம் ஒரு நாள் அம்மா திடீரென்று கட்சி மாறினாள். "சரி, நீங்க நடக்கவே வேணாம். படுத்தே இருங்க. மாடிப்படியில கால் வெச்சதா என் காதுல விழுந்துச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

தடை என்று ஒன்று வந்ததும் அப்பாவுக்குக் கால் முளைத்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு டெய்லர் அறை வைத்திருக்கிறார். துணி வெட்டுகிற மேஜைமேல் கேரம் போர்டு போட்டு, அவரும் இன்னும் இரண்டு வெட்டி ஆட்களும் நாலாவது கைக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவின் கார் கண்ணுக்கு மறைந்ததும் அப்பா படியேறிவிடுவார். மூன்று மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. காய் வழுக்கப் போர்டில் தூவுகிற பவுடருக்கும் கவலையில்லை. எறும்புக்கு என்று அம்மா அலமாரியில் போரிக் பவுடர் டப்பா வைத்திருப்பாள். அதிலிருந்து ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் எறும்பு இருந்து நான் பார்த்ததில்லை.

மாட்டாமல் எப்படித் தப்பித்தார் என்று கேட்பீர்கள். மூத்தவள்தான் காப்பாற்றினாள். அதுவரை தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. டக்கு டக்கு டக்கு என்று ஒரு சத்தம். தெருமுனையில் திரும்பும்போதே மொட்டை மாடிக்குக் கேட்கும். வண்டி வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அப்பா போர்டை விட்டு எழுந்து, தடதடவென்று நாலு அடுக்கும் இறங்கி, கையைக் கழுவிக் கட்டிலில் படுத்துப் பேப்பரை விரித்துவிடுவார். சில நாள் பேப்பர் தலைகீழாக இருக்கும். அம்மா வந்து நாடி பார்த்து, "ம்... இருக்கு" என்பாள். நான் கடையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன்.

இப்படி எல்லாரும் சௌக்கியமாக இருக்கும்போது வந்து சேர்ந்தது வண்டிச் சோதனை. பழைய வண்டிகளை அதற்கான அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அங்கே இருந்த ஆய்வாளர் நாள் பூரா இஞ்சின் சத்தம் கேட்டு அலுத்து, இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். பஞ்சையும் மீறி மூத்தவள் அவரை எட்டிவிட்டாள்.

"ஏம்மா, இது வண்டியா, மாவு மில்லா?" என்றார். "சத்தத்தை நிறுத்திட்டு அடுத்த வாரம் கொண்டு வாங்க. இல்லைன்னா வண்டியை நிறுத்திடுங்க."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பஞ்சை தினம் மாத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அப்பா கடைக்குள் வந்து, எனக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சத்தம் போயிடுமாடி?"

"போகணும்பா. போகலைன்னா வண்டியை ரோட்டுல எடுக்கக் கூடாதாம்."

"எடுக்க வேணாமே. பாவம், வயசான வண்டி, நிக்கட்டும்."

"வண்டி நின்னா அம்மாவும் வீட்டுலதான் நிப்பா. நாள் பூரா. உங்க கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டுக்கிட்டு."

அப்பாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "ஐயையோ. அப்ப சத்தம் போகத்தான் வேணும்."

"போனா அவ வர்றது உங்களுக்குத் தெரியாது."

"ஆமா... மாட்டிக்குவேன்." ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார். "இருந்தாலும் தொல்லை, போனாலும் தொல்லை. நீ எதுக்கு இருக்க? ரிப்பேர் பண்றப்ப அம்மாவுக்கு எடுபிடி நீதானே? சோதனை அன்னைக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டு, மறுநாள்லேர்ந்து பழையபடி கத்தற மாதிரி எதையாவது லூசா விட்டுடு."

"நல்லா இருக்கே! வண்டி என்ன உங்க பேச்சைக் கேட்டா கத்தும்?"

"பாரும்மா, அந்த நாலு அடுக்கு மேல போறேன் பாரு, அது ஒண்ணுதான் நாள்ல எனக்குன்னு இருக்கறது. மீதி நேரமெல்லாம் நான் நோயாளி. அங்க மட்டும்தான் நான் ஆளு."

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை அவர். எனக்குச் சுருக்கென்றது. அதே நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் உள்ளே வர, அப்பாவின் கை அவர் பக்கம் நீண்டது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா, பண்றேன், எழுந்து போங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட கொட்டகையில் ஆபரேஷன். தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அவர் ஒரு தடவை கையைக் கழுவாமல் பானெட்டைத் திறந்தார். அதோடு அவர் கதை முடிந்தது. அம்மா பெஞ்சில் துவைத்த வெள்ளைத் துணியை விரித்து, ஸ்பேனர்களை வளர்த்தி வாரியாக அடுக்கினாள். தலையில் பழைய தியேட்டர் தொப்பி. எனக்கும் ஒன்று. நாற்பது வயசில் நான் அந்தத் தொப்பியோடு நின்றதைத் தெருவே பார்த்தது.

இஞ்சினை ஓடவிட்டு, அம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். இஞ்சின் தலையில் இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்து விடு என்று மூத்தவளிடம் சொல்லிவிடுவாளோ என்று இருந்தது.

"டேப்பட்" என்றாள். "நிறுத்து. ஆறட்டும்."

விஷயம் இதுதான். இஞ்சின் மூச்சு வாங்கவும் விடவும் எட்டு வால்வுகள். அவற்றைத் தலையில் தட்டித் திறக்க எட்டுக் குட்டிக் கைகள். கைக்கும் வால்வுக்கும் நடுவில் மெல்லிய தகடு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அது கூடிப்போனால் தட்டுகிற கை ஓங்கி அடிக்கும். அந்த அடிதான் டக்கு டக்கு. எட்டில் ஒன்றையாவது முழுக்கச் சரியாகாமல் விட்டுவிடுவது என்று நான் திட்டம் போட்டிருந்தேன்.

"ஸ்பேனர்" என்று அம்மா பார்க்காமலே கையை நீட்டினாள். நான் மெதுவாக வைத்தேன்.

"ஓங்கி வை. வாங்கினது கைக்குத் தெரியணும்."

அடுத்ததை ஓங்கி வைத்தேன்.

"இது அடி" என்றாள்.

இஞ்சின் தலைக்கு மேலிருந்த மூடியை எடுத்ததும் எட்டுக் கைகளும் எண்ணெய் மினுமினுக்க வரிசையாகத் தெரிந்தன. முதலில் இருந்து பார்ப்பாள் என்று நான் தகட்டோடு காத்திருந்தேன். அம்மாவின் கை மற்ற ஏழையும் தாண்டி நேராகக் கடைசிக்குப் போனது.

"இதை நான் பண்றேம்மா" என்றேன் அவசரமாக.

"நீ டார்ச்சைப் பிடி."

"மத்ததைப் பாக்க வேணாமா?"

"அதெல்லாம் நல்ல பிள்ளைங்க."

கடைசிக் கைக்குக் கீழே தகடு நுழைந்து லொடலொடவென்று ஆடியது. இன்னும் இரண்டு தகடு போட்டாலும் இடம் இருக்கும். ஆனால் அதை அசையாமல் பூட்டி வைக்கிற நட்டு நல்ல இறுக்கம். அம்மா முகம் சிவக்கத் தம் பிடித்துத்தான் அதைக் கழற்றினாள். திருப்புளியால் இத்தனூண்டு திருகி, தகட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினாள். மற்ற ஏழையும் அதற்கப்புறம்தான் ஒப்புக்குத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. என் திட்டம் டார்ச் வெளிச்சத்திலேயே செத்துப்போனது.

இதற்கு நடுவில் அப்பா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் முகம் தொங்கிப்போனது. பெஞ்சுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூடியைத் திரும்ப வைப்பதற்கு முன்னால் அம்மா நிமிர்ந்தாள். "எண்ணு."

தியேட்டர் வழக்கம் அது. நோயாளியை மூடுவதற்கு முன் உள்ளே போன சாமான் எல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணியாக வேண்டும்.

"ஸ்பேனர் மூணு. திருப்புளி ஒண்ணு. தகடு ஒண்ணு. துணி நாலு. மூடியோட நட்டு... ஒண்ணு."

"ரெண்டு."

"ஒண்ணுதாம்மா இருக்கு."

அம்மாவின் முகம் மாறியது. "மூடக் கூடாது. உள்ள விழுந்திருந்தா?" என்றாள். அப்புறம் பாருங்கள் கூத்தை. டார்ச் அடித்து இஞ்சினுக்குள் மூலை மூலையாகத் தேடினோம். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தேடினேன். தொப்பிக்குள் கிரீஸ் ஒழுகியது. எனக்கு வந்த கோபத்துக்கு மூத்தவளை ஒரு உதை விட்டிருப்பேன், அம்மா மட்டும் அங்கே இல்லாமல் இருந்தால்.

அப்போதுதான் அப்பா காலி டம்ளரை எடுக்க வந்தார்.

"ஏங்க, இங்க ஒரு நட்டைப் பாத்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ம்ஹூம்."

"நீங்க டீ குடிச்சாச்சா?"

"ம்."

ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை சொல்கிற மனிதர். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னைக்கு என்ன கிழமை?"

அப்பா கூரையைப் பார்த்தார். தகரத்தில் எழுதியிருக்கிற மாதிரி.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? ஆ காட்டுங்க."

திருட்டு முழி முழித்தார். ஆனால் மேட்ரன் ஆ காட்டச் சொல்லிக் காட்டாதவர் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. வாய் மெல்லத் திறந்தது. நாக்கின் நடுவில் நட்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பெஞ்சிலிருந்து எடுத்ததும் அம்மா திரும்பியிருக்கிறாள், ஒளித்துவைக்க வேறு இடம் தோன்றவில்லை, அதற்கப்புறம் வெளியே எடுக்கவும் பயம். அம்மா இடுக்கியால் அதை எடுத்தாள்.

"எதுக்கு வாயில போட்டீங்க?"

"துரு ஏறியிருக்கான்னு பாத்தேன்."

"ஏறியிருக்கா?"

"இல்ல. நல்ல சாமான்."

நான் வண்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அம்மா சிரிக்கவில்லை. நட்டை ஸ்பிரிட்டில் கழுவி மூடியில் மாட்டி இறுக்கினாள். சாவியைத் திருப்பச் சொன்னாள், திருப்பினேன். "ஸ்டார்ட் ஆகலையே" என்றேன். "ஆகி நிமிஷமாச்சு" என்றாள். கையை வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது, உள்ளே அப்படி ஒரு அமைதி. அப்பா டம்ளரோடு எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

சோதனையில் ஆய்வாளர், "வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். "பண்ணித்தான் இருக்கு" என்றாள் அம்மா. அவர் நம்பாமல் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் குனிந்து கேட்டார். பஞ்சு புதுசாக இருந்தது. சான்றில் கையெழுத்து விழுந்தது.

மறுநாள் மதியம் மூத்தவள் பூனை மாதிரி தெருவைத் தாண்டிப் போனாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். டெய்லர் மேலிருந்து எட்டிப் பார்த்து ஒரு விசில் அடித்தார். அப்பா பொறுக்கமாட்டாமல் என்னிடம் வந்தார்.

"நீ வாசலைப் பாத்துக்கிட்டே இரு. முனையில வண்டி தலை தெரிஞ்சதும் மேல கேக்கற மாதிரி பலமா இருமு."

"நானா?"

"மூத்தவ பண்ணினதை இளையவ பண்ணக் கூடாதா?"

ஆக, தொண்டைக்கட்டு என் தலையில் வந்து விழுந்தது. சரி என்று தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். நேரம் பார்த்து ஒரு மாணவி, தலையணை கனத்தில் ஆராய்ச்சிக் கட்டுரையோடு வந்தாள். இருநூறாவது பக்கத்தில் மெஷின் பேப்பரை மென்றுவிட்டது. மெஷினுக்குள் தலையை விட்டு நான் பேப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தலையை வெளியே எடுத்தபோது மூத்தவள் முனையில் திரும்பி நின்றாள்.

இரும வாயைத் திறந்தேன். பயத்தில் உண்மையிலேயே தொண்டை கட்டிக்கொண்டு, காற்றுதான் வந்தது. போச்சு, அப்பா மாட்டினார், இனி அந்த மாடிக்கு ஆயுசுக்கும் பூட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பாம்ம்ம்!

தெருவே திடுக்கிட்டது. பாம்ம்ம் பாம்ம்ம்! மூத்தவளின் ஹாரன் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது, அதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தெருவில் ஆளில்லை, வண்டியில்லை, ஒரு காக்கைகூட இல்லை. ஹாரன் அடித்துவிட்டு அம்மா வண்டியை நகர்த்தவும் இல்லை. முனையிலேயே நின்று, ஸ்டீயரிங்மேல் கையை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பின்னால் படிக்கட்டில் தடதடவென்று கால் சத்தம் இறங்கியது. குழாய் திறந்தது, மூடியது. கட்டில் கிரீச்சிட்டது. அதற்கப்புறம்தான் மூத்தவள் சத்தமே இல்லாமல் வந்து வாசலில் நின்றாள். அம்மா உள்ளே போனாள். நாடியைப் பிடித்தாள்.

"ம்... இருக்கு."

நான் கடையை அந்த மாணவியின் தலையில் கட்டிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். அம்மா வண்டியை அங்கே கொண்டுவந்து விட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா ஹாரன் அடிச்ச?"

"நாய் குறுக்க வந்துச்சு."

"நாயே இல்ல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. "அந்தக் கடைசி டேப்பட்டோட பூட்டு நட்டு இறுக்கமா இருந்துச்சே. தானா லூசாயிருந்தா நட்டும் லூசால்ல இருந்திருக்கணும்? யாரோ லூசாக்கிட்டு, திருப்பி இறுக்கி வெச்சிருக்காங்க. நீதானே?"

அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லையே, உனக்கும் மூளை வேலை செய்யுது" என்றாள்.

"அப்பா மாடிக்குப் போறது உனக்குத் தெரியுமா?"

"தினம் நாடி பாக்கறேன். படுத்துக் கிடந்தவனோட நாடி எது, நாலு அடுக்கு ஓடி வந்தவனோட நாடி எதுன்னு தெரியாமத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேனா? நடங்கன்னு சொன்னேன், நடந்தாரா? காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். படியில கால் வெக்காதீங்கன்னேன், பறக்கறார். அவர் இறங்கி வர்றதுக்கு நேரம் வேணும்ல, அதான் இவளைக் கொஞ்சம் கத்த விட்டேன்."

"மூத்தவ பாவம்மா. ரெண்டு வருஷம்! அவ மேல தூசி விழுந்தாலே துடிப்பியே."

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வலிச்சிருக்கும்தான். மூத்ததாப் பொறந்தா வீட்டுக்காகக் கொஞ்சம் தாங்கிக்கத்தான் வேணும்." குரல் இறங்கிவிட்டது. "தியேட்டர் கதவுக்கு உள்பக்கம் நின்னே பழகினவ நான். வெளிய உக்காந்தது அன்னைக்கு ஒரு நாள்தான். இன்னொரு தடவை என்னால உக்கார முடியாதுடி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று நான் யோசிப்பதற்குள், "தொப்பியைத் துவைச்சியா?" என்றாள். அதோடு அது முடிந்தது.

"அவர்கிட்ட மூச்சு விட்ட, தொலைஞ்ச" என்று போகும்போது எச்சரித்தாள். "தெரிஞ்சா மறுநாளே கட்டில்ல படுத்துடுவார். போன வாரம் டாக்டர் வேற, இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டலாம்னு சொல்லியிருக்கார்."

"அதை எப்படிக் கூட்டுவ?"

"பாப்போம்."

அன்றிலிருந்து என் தொண்டைக்கு விடுதலை. அம்மா ஹாரன் அடிக்கிறாள், தெருவும் பழகிவிட்டது. நேற்று சாயங்காலம் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தியா? உங்கம்மா கண்ணுல ரெண்டு வருஷமா மண்ணைத் தூவறேன். சத்தம் இருந்தப்பவும் தப்பிச்சேன், போனப்பவும் தப்பிச்சேன். பாவம், அவளுக்கும் வயசாயிடுச்சு, காலித் தெருவுல ஹாரன் அடிக்கறா."

"ஆமாப்பா."

"என்ன ஒண்ணு, முன்னெல்லாம் முனையிலேயே அடிச்சிடுவா. அப்புறம் மருந்துக் கடை வரைக்கும் வந்து அடிச்சா. இன்னைக்குக் கரண்ட் கம்பம் வரைக்கும் வந்துட்டா! எப்படி இறங்கி வந்தேன்னு எனக்கே தெரியல."

"மூச்சு வாங்குதாப்பா?"

"எனக்கா? ச்சே! ஜம்முன்னு இருக்கேன்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

உள்ளே அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா எறும்புக்காக ஒரு புது போரிக் பவுடர் டப்பாவைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.